இனிஷியலோட எழுது, கண்ணு

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு ராத்தூக்கம் கலைந்துபோகும். ஆண்டிபட்டிப் பக்கம் எங்கள் ஊரில் தையல் கடையை எட்டரைக்குச் சாத்திவிட்டு வந்து படுப்பேன். ஒன்றரை, இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டும். எங்கோ தொலைவில் தபேலா கேட்பதுபோல இருக்கும். எழுந்து திண்ணைக்கு வந்தால் ஒன்றும் இருக்காது. காற்று வரும், ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். திருப்பூரில் இது நோம்பிக் காலம். காது அதைத்தான் தேடுகிறது.

1989-ல், பதினேழு வயதில் திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். திரும்பி வந்தது 2011-ல். பனியன் கம்பெனிகளில் முதலில் கைமடி, பிறகு ஓவர்லாக், கடைசிப் பத்து வருடம் பவர் டேபிள் டெய்லர். அந்த ஊரை நினைத்து ஏங்குகிறேன் என்று சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் சம்பளத்தை நினைத்து ஏங்குகிறேன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். திருப்பூரில் சம்பாதித்தது திருப்பூரிலேயே செலவழிந்தது. நான் விட்டுவிட்டு வந்தது ஆர்கெஸ்ட்ரா ராத்திரிகளை.

கொங்குச் சீமையில் திருவிழாவை நோம்பி என்பார்கள். மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டி, கம்பம் நட்டு, பூவோடு எடுத்து, மாவிளக்கு, பொங்கல், மஞ்சள் நீராட்டு என்று இரண்டு வாரம் ஓடும். அதில் ஒரு ராத்திரி பாட்டுக் கச்சேரி. சுவரொட்டியில் 'மாபெரும் இன்னிசைக் கச்சேரி' என்று போட்டிருக்கும். நாங்கள் எல்லாரும் சொன்னது ஆர்கெஸ்ட்ரா. மாசியில் தொடங்கி சித்திரை முடியும்வரை ராயபுரத்தில் ஒரு வாரம், அனுப்பர்பாளையத்தில் ஒரு வாரம், அங்கேரிபாளையம் ரோட்டில் ஒரு வாரம் என்று எங்காவது மேடை போட்டிருப்பார்கள். கம்பெனி வாசலில் டீ குடிக்கும்போதே யாராவது சேதி கொண்டுவந்துவிடுவார்கள்: "இந்தச் சனிக்கிழமை பெருமாநல்லூர் ரோட்டுல கச்சேரி, கோயமுத்தூர் செட்டு."

சனிக்கிழமையாக விழுந்தால்தான் அது எங்களுக்குக் கச்சேரி. வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டரை. சரக்கு அவசரம் என்றால் நைட்டும் சேரும். சனிக்கிழமை ராத்திரி சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு ரூமுக்கு ஓடி, நாலு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, மூக்குக்குள் ஒட்டியிருக்கும் பஞ்சைத் துடைத்துவிட்டு ஐந்து பேராக நடப்போம். தூரத்திலிருந்தே கூம்புக் குழாயில் 'ஹலோ, மைக் டெஸ்ட்' என்று கேட்டுவிடும். அதைக் கேட்டதும் யாரும் சொல்லாமலே நடை வேகமாகிவிடும். உள்ளூர்க்காரர்கள் பாய் கொண்டுவந்து விரித்திருப்பார்கள். எங்களுக்குப் பாய் ஏது? பனியன் வேஸ்ட்டை அடைத்த சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவோம். மூன்று பேர் சாய்ந்துகொள்ளலாம். அந்த மெத்தைபோல ஒன்று எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

பிள்ளையார் பாட்டு, அடுத்தது அம்மன் பாட்டு, பிறகு பெரியவர்களுக்காக டி.எம்.எஸ்., சுசீலா என்று பத்தரை வரை போகும். அதுவரைக்கும் நாங்கள் கடலை கொறித்துக்கொண்டிருப்போம். பதினொன்றரைக்குமேல் குழந்தைகள் தூங்கிவிட, கிழவிகள் எழுந்து போய்விட, சுக்குக் காபிக்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு நடுவில் வருவார். கீபோர்டு வாசிக்கிறவர் சட்டைக் கையை மடித்துவிடுவார். அப்போது தொடங்கும் எங்கள் நேரம். அது இளையராஜாவின் நேரம்.

எங்கள் தேனிப் பக்கத்து ஆட்களுக்கு அவர் விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர். 1976-ல் 'அன்னக்கிளி' வந்து நாடே திரும்பிப் பார்த்தது பிந்தைய கதை. மேடைப் பாட்டுக்காரனின் கதையையே சொன்ன 'பயணங்கள் முடிவதில்லை' 1982-ல் வந்து, மோகனுக்கு மைக் மோகன் என்று பெயரே விழுந்துபோயிற்று. எங்கள் காலத்து ஆர்கெஸ்ட்ராப் பாடகர்கள் பாதிப்பேர் மோகன்போல மைக்கைப் பிடித்துக்கொண்டு எஸ்.பி.பி. குரலில் பாட முயன்றவர்கள். சுருதி விலகும், மூச்சு வாங்கும். அதற்காக யாரும் எழுந்து போனதில்லை. ரேடியோவில் வரும் பாட்டு எங்கோ சென்னையில் யாரோ பாடியது. இங்கே மேடையில் நிற்கிறவருக்கு வியர்வை வழிவது எங்களுக்குத் தெரிந்தது.

தபேலா வாசித்தவரை ஒருமுறை மேடையின் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். பகலில் பாத்திரப் பட்டறையில் வேலை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். இரண்டு விரல்களின் நுனியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பாட்டுக்குப் பாட்டு இடையில் பவுடர் டப்பாவைத் தட்டி உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வார். பேஸ் கிடார் உள்ளே வருவதற்கு ஒரு நொடி முன்னால் கிடார்காரரைப் பார்த்து இவர் லேசாகத் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு கிடாரின் அடிநாதம் வந்து நெஞ்சுக்கூட்டில் மோதும். வாரம் முழுக்கப் பவர் டேபிளின் ஒரே மாதிரியான இரைச்சலைக் கேட்டு மரத்துப்போன உடம்பு அது. தாளம் வேறொரு கணக்கில் விழுந்ததும் முதுகு தானாக நிமிரும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியம் துண்டுச் சீட்டு.

பன்னிரண்டு மணிக்கு அறிவிப்பாளர் சொல்வார்: "நேயர் விருப்பம் கேட்பவர்கள் சீட்டு எழுதிக் கொடுக்கலாம்." பாட்டின் பெயரை எழுதி, கீழே விரும்பிக் கேட்பவர்களின் பெயரை எழுதி, கம்பெனிப் பெயரையோ தெருப் பெயரையோ போட்டு மேடைக்கு அனுப்ப வேண்டும். இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது போன்றவர்கள் நேயர்களின் பெயரை ஊரோடு சேர்த்து வாசித்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். பெயர் ஒலிபெருக்கியில் வருவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். பனியனை மடித்துப் பெட்டிக்குள் வைக்கும்போது ஒரு வெள்ளை அட்டை கொடுப்பார்கள். அந்த அட்டையில்தான் எழுதுவோம். மார்க்கிங் பண்ணும் பேனா எப்போதும் யார் பையிலாவது இருக்கும். மேடைக்குப் போகும் சீட்டுகளில் அட்டையாக வந்தது எங்கள் சீட்டு என்று தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வோம்.

கம்பெனியில் எங்களுக்குப் பெயர் இருந்ததில்லை. கைமடி, சிங்கர், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் என்று மிஷினின் பெயரும் வேலையின் பெயரும்தான் எங்கள் பெயர். "ஏய் ஓவர்லாக், பீஸ் எங்கே?" என்பார்கள். சம்பளக் கவரின் மேலும் அப்படித்தான் எழுதியிருக்கும். நான் முதலில் இருந்த கம்பெனியில் என் கவரில் 'கைமடி 4' என்றிருந்தது. அங்கே அயர்ன் மாஸ்டர் ஒருவர் இருந்தார். உள்ளூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். எல்லாருக்கும் அயர்ன் அண்ணன். அவர் கவரில் 'அயர்ன் 2'. முதலாளியின் மகனும் அவரை அயர்ன் அண்ணா என்றுதான் கூப்பிடுவான். மரியாதையான கூப்பாடுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது.

1993 பங்குனியில் ஒரு கச்சேரிக்கு அவரும் எங்களோடு வந்தார். நேயர் விருப்பம் அறிவித்ததும் நான் அட்டையை எடுத்து எங்கள் ஐந்து பேரின் பெயரையும் எழுதிவிட்டு, "அண்ணா, உங்க பேரு?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார். எழுதினேன். அட்டையை வாங்கி, மேடையின் குழல் விளக்கு வெளிச்சம் பட ஏந்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இனிஷியலோட எழுது, கண்ணு."

எழுதினேன். அப்போதுதான் அந்த விஷயத்தைச் சொன்னார். 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதில் அவரும் நின்றிருக்கிறார். மூட்டை தூக்கிச் சாப்பிட்டார்களாம். "அப்ப சங்கத்துச் சந்தா ரசீதுல இனிஷியலோட எழுதுனாங்க. அதுக்கப்பறம் இன்னைக்கு நீதான் கேட்டிருக்கற."

இரண்டு மணிக்குமேல் அந்த அட்டை அறிவிப்பாளர் கைக்கு வந்தது. கடைசிப் பெயர் அவருடையது, இனிஷியலோடு. கூம்புக் குழாய்கள் நாலு திசைக்கும் கட்டியிருந்தார்கள். பெயர் ஒரு திசையில் போய் மில் சுவரில் மோதித் திரும்பி வந்து இன்னொருமுறை கேட்டது. அவர் எழுந்து நின்றார். யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. மேடையைப் பார்த்துக் கைகூப்பினார். பாட்டு தொடங்கி முதல் சரணம் முடியும்வரை அப்படியே நின்றார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மறைக்கிறது என்று சத்தம் போடவில்லை. என்ன பாட்டு என்று எனக்கு நினைவில்லை. அந்தக் கைகள் நினைவிருக்கின்றன: இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துப் பிடித்து வலது உள்ளங்கை தடித்துப்போய், கூப்பும்போது இரண்டும் சரியாகச் சேராது. அவர் இப்போது இருக்கிறாரா என்று தெரியாத நிலையில், கேட்காமல் அவர் பெயரை இங்கே அச்சில் போட எனக்கு மனம் வரவில்லை.

போன வருடம் மகன் தன் போனில் ஒரு பழைய வீடியோவைக் காட்டினான். இங்கிலாந்தின் வடக்கே விகன் என்று ஓர் ஊர். நிலக்கரிச் சுரங்கமும் பஞ்சாலையுமாக இருந்த லங்காஷயர் நகரம். அங்கே விகன் கேசினோ என்ற பழைய நடன அரங்கில் 1973 செப்டம்பரிலிருந்து 1981 டிசம்பர் வரை சனிக்கிழமைதோறும் நள்ளிரவு தாண்டித் தொடங்கி காலை எட்டு மணிவரை பாட்டு ஓடியிருக்கிறது. சோல் மியூசிக் என்கிறார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பாடி, அங்கேயே சரியாக விற்காமல் போன இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து வந்து போடுவார்களாம். ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்த பிள்ளைகள் ரயிலேறி வந்து ஆடியிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க அங்கே மது விற்கவில்லை. பாட்டுக்காகவும் ஆட்டத்துக்காகவும் மட்டுமே வந்த கூட்டம். கால் வழுக்கி ஆடுவதற்காகத் தரையில் பவுடர் தூவியிருக்கிறார்கள். தபேலாக்காரரின் பவுடர் டப்பா எனக்கு நினைவு வந்துவிட்டது. தோள்பையில் தங்கள் சங்கத்தின் துணி வில்லைகளைத் தைத்துக்கொண்டு வருவார்கள். மடக்கிய முஷ்டி போட்ட வில்லை. அதன் ஓரத் தையலைத்தான் நான் உற்றுப் பார்த்தேன். தொழில் புத்தி விடாது. விடியும் நேரத்தில் எப்போதும் அதே மூன்று பாட்டுகளைப் போட்டு முடிப்பார்களாம். எங்கள் செட்டுக்காரர்களும் விடியும்போது அம்மன் பாட்டு ஒன்றைப் பாடித்தான் மைக்கை அணைப்பார்கள்.

அந்த சோல் பாட்டு பிறந்த இடங்களில் ஒன்றான டெட்ராய்ட் நகரமும் தொழிற்சாலை நகரம்தான். போர்டு நிறுவனத்தின் கார் பூட்டும் வரிசையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி என்பவர் 1959-ல் ஆரம்பித்த இசைத்தட்டுக் கம்பெனிதான் பிறகு மோடவுன் ஆயிற்று. ஒரு முனையில் வெறும் சட்டமாக நுழைவது மறுமுனையில் காராக வெளியே வருவதைப் பார்த்து, பாட்டையும் அப்படி உருவாக்கலாம் என்று யோசித்தவர் அவர். லங்காஷயர் என்றால் நமக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. அந்த மில் துணியை வேண்டாம் என்று சொல்லிக் கதர் நூற்ற ஊர் திருப்பூர். 1932 ஜனவரி 11-ல் கொடி காத்த குமரன் உயிர் விட்ட ஊர். அந்த லங்காஷயரின் ஆலைப் பிள்ளைகளும் சனிக்கிழமை ராத்திரியைத் தூங்காமல் கழித்தார்கள் என்று பார்த்தபோது, அவர்கள்மேல் எனக்குச் சொந்தம் போல ஒரு பாசம் வந்தது.

விகன் கேசினோவை மூடிய தேதியைச் சொல்ல முடிகிறது. எங்கள் ஆர்கெஸ்ட்ரா ராத்திரிகள் எப்போது முடிந்தன என்று தேதி சொல்ல முடியாது. தேய்ந்து தேய்ந்து போயின. 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்தன. ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் சில விசேஷ நாட்களுக்கு மாநில அரசு விலக்குக் கொடுத்தாலும் நள்ளிரவு பன்னிரண்டோடு சரி. 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதில் தவறு சொல்ல மாட்டேன். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நோயாளியும் இருக்கும் தெருதானே. ஆனால் எங்கள் நேரம் பதினொன்றரைக்குமேல்தான் தொடங்கியது என்று சொன்னேன் இல்லையா? அந்த நேரமே போய்விட்டது. பிறகு கீபோர்டு ஒன்றே எல்லாத் தாளத்தையும் கொட்டியது. தபேலா போயிற்று, பேஸ் கிடார் போயிற்று. பிறகு டிராக் போட்டுப் பாடினார்கள்.

2011 ஜனவரியில் நொய்யல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் என்ன ஆயின என்று பார்த்தவர்களுக்கு அந்த உத்தரவின் நியாயம் தெரியும். சாயம் இல்லையென்றால் துணி இல்லை. துணி இல்லையென்றால் டெய்லருக்கு வேலை இல்லை. நான்கு மாதம் பார்த்துவிட்டு நான் பெட்டியைக் கட்டினேன். அந்த வருட நோம்பிக்கு எங்கள் தெருவில் கச்சேரி வைக்கவில்லை.

சென்ற பங்குனியில் பழைய சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருப்பூர் போனேன். அன்று ராத்திரி பக்கத்துத் தெருவில் நோம்பி. ஆள் உயர ஸ்பீக்கர், எல்.இ.டி. திரை, பாட்டெல்லாம் பென் டிரைவில். பத்து மணிக்கு அணைத்துவிட்டார்கள். கூட்டத்தின் ஓரத்தில், வெளிச்சம் முடிகிற இடத்தில் பத்துப் பதினைந்து பையன்கள் நின்றார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். சனிக்கிழமை ராத்திரி குளித்துவிட்டு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவன் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். கம்பெனியில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன்.

"செக்கிங்" என்றான்.

திருப்பூரில் நோம்பி நடத்தும் பெரியவர்களே, தம்பிமார்களே, இதை உங்களிடம்தான் கேட்கிறேன். ஆறு மணிக்கே ஆரம்பியுங்கள், பத்துக்கே முடியுங்கள், சட்டத்தை மீற வேண்டாம். ஒரு தபேலாவும் ஒரு கிடாரும் உள்ள செட்டைக் கூப்பிடுங்கள். அனுப்பர்பாளையத்திலும் கோயமுத்தூரிலும் வாசிக்கத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கும். கடைசி ஒரு மணி நேரத்தை நேயர் விருப்பத்துக்கு விடுங்கள். பனியன் அட்டையில் எழுதி வருகிற சீட்டை வாங்குங்கள். ஓரத்தில் நிற்கும் பையன்களிடம் ஆள் அனுப்பி அவர்கள் பெயரையும் கேளுங்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத வராது, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதி, மைக்கில் நிதானமாக வாசியுங்கள்.